ஐந்தாக அறுத்த முட்டை

எங்கள் வீட்டில் அவித்த முட்டையைக் கத்தியால் அறுப்பதில்லை. அம்மா ஓட்டை உரித்து முட்டையை இடது உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். பூக்கட்டும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை வலது கையால் இழுத்து, மஞ்சள் கரு உதிராமல் நெடுக்குவாட்டில் ஐந்து துண்டுகளாக்குவார். குறுக்காக அறுத்தால் ஓரத்துத் துண்டு வாய்த்தவருக்கு வெள்ளைக் கரு மட்டுமே மிஞ்சும் என்பதால், பிள்ளைகளுக்குள் சண்டை வராமலிருக்க அவர் கண்ட வழி அது. இரண்டு அக்காமார், ஓர் அண்ணன், நான், ஒரு தம்பி என்று நாங்கள் ஐவர். அண்ணனுக்கும் தம்பிக்கும் விழுந்த துண்டுகள் எப்போதும் ஒரு நூலளவு பருமனாகவே இருந்தன. அது நூல் செய்த பிழை என்று அந்த வயதில் நம்பினேன்.

சாத்தூருக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் அப்படி வளர்ந்த எனக்கு, மதுரையில் இப்போது ஒரே மகள். முட்டை முப்பது முப்பதாக அட்டையில் வருகிறது. அவள் மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்துபோகிறாள். ஐந்தில் ஒரு பங்கு ஒரே தலைமுறையில் முழுப் பங்காகிவிட்டது. பிள்ளைகள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பது கூடும் என்ற கணக்கு முட்டையைப் பொறுத்தவரை சரிதான். அது எல்லாவற்றுக்கும் பொருந்துமா என்ற ஐயம், சென்ற தை மாதம் நான் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குப் போய்வந்த பிறகு எழுந்தது. அதை எழுதிப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் சிவப்பு முக்கோணம் ஒன்று வரைந்திருந்தது. அதன் கீழே ‘அளவான குடும்பம், வளமான வாழ்வு’ என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் பேருந்துப் பலகைக்கு அடுத்தபடியாக நான் படித்த வாசகம் அதுதான். வேடிக்கை என்னவென்றால், தம்பியைப் பெறுவதற்கு முன்னும் பின்னும் அம்மா அந்தச் சுவரைக் கடந்துதான் போய்வந்தார். ஆனால் அந்த வாசகம் எங்கள் தலைமுறையிடம் பலித்துவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 1992-93இல் ஏறத்தாழ 2.5ஆக இருந்தது, 2005-06இல் 1.8ஆக இறங்கியது, 2019-21இலும் அதே 1.8தான். மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு இன்னும் தாழ்ந்து 1.4 என்கிறது. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ள 2.1 வேண்டும் என்பார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே நாம் இறங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காக என்று 1930களிலேயே பேசிய பெரியாரிலிருந்து, 1980களின் இறுதியில் குடும்ப நலத்தைத் தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்ட தலைமைச் செயலாளர் டி.வி.அந்தோணி வரை இதற்கு உழைத்தவர்கள் பலர். பேருந்தும் பள்ளிக்கூடமும் செய்த வேலையும் அவற்றுக்குக் குறைந்ததன்று.

அந்த வாசகத்தைப் பொருளாதார வல்லுநர்கள் வேறு சொற்களில் எழுதினார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் ஒவ்வொரு பிள்ளைமீதும் பெற்றோர் செலவிடும் அளவுக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு என்று கேரி பெக்கர் 1960இல் சொன்னார். கேட்பதற்கு ஐயமே இல்லாதது போலத் தோன்றும் இந்தக் கருத்து, ஆய்வுகளில் அவ்வளவு எளிதாக நிறுவப்படவில்லை. 2005இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வொன்று, எத்தனையாவதாகப் பிறந்த பிள்ளை என்பதைக் கணக்கில் சேர்த்த உடனேயே குடும்ப அளவின் விளைவு ஏறத்தாழ மறைந்துவிடுவதைக் கண்டது. இந்தியாவுக்கு வந்தால் பிறப்பு வரிசை இன்னும் கடுமையாகப் பேசுகிறது. இந்தியப் பிள்ளைகள் ஆப்பிரிக்கப் பிள்ளைகளைவிடக் குட்டையாக இருப்பது ஏன் என்று ஆராய்ந்த சீமா ஜெயச்சந்திரனும் ரோஹிணி பாண்டேயும் 2017இல் வெளியிட்ட கட்டுரையில், மூத்த பிள்ளைகளிடையே அந்தக் குறை இல்லை என்றும், இரண்டாவது பிள்ளையிலிருந்து தொடங்கி அடுத்தடுத்த பிள்ளைகளில் அது கூடுகிறது என்றும், தலைமகன்மீது பெற்றோருக்கு உள்ள சார்பே அதன் வேர் என்றும் காட்டினார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் நூல்தான் நினைவுக்கு வந்தது. பிழை நூலில் இல்லை.

எங்கள் வீட்டுக் கதை இந்த ஆய்வுகள் எதற்கும் முழுதாக அடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தம்பி பிறந்த ஆண்டு பெரியக்கா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். விடிவதற்கு முன்பே வேன் வந்து ஊர்க் கிணற்றடியில் நிற்கும். தூக்குவாளியோடு ஏறிப்போகும் பிள்ளைகள் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கி அவர் கொண்டுவந்த கூலியில்தான் அண்ணனின் ஐ.டி.ஐ. படிப்பு முடிந்தது, என் நோட்டுப் புத்தகங்களும் அதில்தான் வாங்கப்பட்டன. ஆக, ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் வளம் ஐந்தாகப் பிரிந்தது என்று சொல்வது பாதி உண்மை. ஒரு பிள்ளை தன் பங்கைப் பெறாததோடு மற்ற நால்வரின் பங்கையும் சம்பாதித்துக் கொடுத்தது. பிறப்பு விகிதம் குறைந்ததால் எங்கள் கரிசல் காட்டில் விளைந்த நன்மைகளில் மிகப் பெரியது எதுவென்று கேட்டால், முட்டையையோ புத்தகத்தையோ சொல்ல மாட்டேன். தம்பி தங்கைகளை வளர்ப்பதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் மூத்த பெண் என்ற ஒருத்தி ஏறத்தாழ இல்லாமல் போனதைத்தான் சொல்வேன். ‘பதினாறும் பெற்று’ என்ற வாழ்த்தைத் தொட்டு 2024 அக்டோபரில் அரசியல் மேடைகளில் பேச்சு எழுந்தபோதும், பிள்ளைகளை நிறையப் பெறச் சொல்லிப் பக்கத்து ஆந்திராவிலிருந்து குரல் வந்தபோதும் எனக்குப் பெரியக்காவின் தூக்குவாளிதான் கண்முன் வந்தது. அந்தப் பதினாறு பேரில் மூத்தவள் யாராக இருப்பாள் என்பதை வாழ்த்துபவர்கள் சொல்வதில்லை.

அதற்காகக் குறைந்த பிள்ளைகள் என்றாலே பெண்ணுக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை குறையக் குறைய, இருக்கும் ஒன்றிரண்டில் ஒன்று ஆணாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் இறுகிய ஊர்களும் உண்டு. 1992இல் சேலத்தில், பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது அதனால்தான்.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். நான் போன அன்று புதன்கிழமை. காலை உணவாக வெண்பொங்கலும் காய்கறிச் சாம்பாரும் வைத்திருந்தார்கள். அதே பள்ளியில் அப்போது பிள்ளை படித்துக்கொண்டிருந்த ஒரு தாய், மகளிர் குழுவின் சார்பில் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், பதினொரு தட்டுகள். முதல் வகுப்பில் மூவர், இரண்டாம் வகுப்பில் இருவர், மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், நான்காம் வகுப்பில் யாருமே இல்லை, ஐந்தாம் வகுப்பில் ஐவர். தலைமை ஆசிரியை அலமாரியைத் திறந்து 1980ஆம் ஆண்டின் சேர்க்கைப் பதிவேட்டை எனக்காக எடுத்துக் காட்டினார். அந்த ஆண்டு முதல் வகுப்பில் மட்டும் முப்பத்து நான்கு பெயர்கள். பாதிப் பெயர்களுக்கு நேரே ‘ஜூன் 1’ என்றே பிறந்த தேதி எழுதியிருந்தது. கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்து வயது குறித்த காலம் அது.

“ரெண்டு டீச்சர், பதினோரு பிள்ளைங்க; வசதிதானேன்னு எல்லாரும் கேக்குறாங்க மேடம்,” என்றார் தலைமை ஆசிரியை. “மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன்தான். அவன் யாரோட சேந்து வாய்ப்பாடு சொல்லுவான், சொல்லுங்க?”

இந்தக் கேள்விக்குள்தான் விஷயம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வேண்டிய வளங்களில் இரண்டு வகை உண்டு. முட்டை, பணம், அப்பாவின் மானாவாரி நிலம் போன்றவை பிரிக்கக்கூடியவை. ஆள் குறைந்தால் பங்கு கூடும். பள்ளிக்கூடம், ஆசிரியர், பேருந்து, விளையாட்டுத் தோழர்கள் போன்றவை அப்படியல்ல. இத்தனை பேராவது இருந்தால்தான் அவை இருக்கும், குறைந்தால் பங்கு கூடுவதற்கு மாறாகப் பொருளே காணாமற்போகும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இதை எண்களால் சொல்கிறது. தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 150க்கு மேல் போனால் ஐந்து ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமை ஆசிரியர். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் இருந்தால்தான் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் கிடைப்பார். எங்கள் பள்ளிக்கு ஆசிரியர் இருவர் என்பது விகிதக் கணக்கில் செழிப்பு. நடைமுறையில் ஒருவர் வட்டார வள மையக் கூட்டத்துக்கோ கையெழுத்து வாங்கவோ போய்விட்டால், மற்றவர் எல்லா வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு கரும்பலகையை நான்காகக் கோடு போட்டுப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்.

எங்கள் பள்ளி விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டபோது 31,008 அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சுமார் 15.75 லட்சம் பிள்ளைகள் பயன்பெறுவார்கள் என்று அறிவித்தார்கள். இரண்டையும் வகுத்துப் பாருங்கள். பள்ளிக்கு 51 பேர், வகுப்புக்குப் பத்துப் பேர். அது சராசரி. நகரத்தின் பெரிய பள்ளிகளை ஒதுக்கிவிட்டால் கிராமத்துப் பள்ளிகளின் நிலை இன்னும் கீழே இருக்கும். பிள்ளைகள் சேராத, அல்லது பத்துப் பேருக்கும் குறைவாக இருந்த 46 பள்ளிகளை 2019இல் நூலகங்களாக மாற்றியது நினைவிருக்கலாம்.

இந்தச் சரிவு முழுவதற்கும் பிறப்பு விகிதத்தையே காரணமாக்கவும் முடியாது. பள்ளிக்கு எதிரேயுள்ள வேப்பமரத்தடியில் காலை எட்டு மணிக்கு ஒரு மஞ்சள் வேன் வருகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினாறு பேர் அதில் ஏறி, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகிறார்கள். பெரியக்கா காலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வேன், இப்போது பள்ளிக்கூட வேன் என்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லாமலில்லை. ஆனால் இந்த இரண்டு காரணங்களும் தனித்தனியானவை அல்ல. ஐந்து பிள்ளைகளோடு எங்கள் அப்பாவால் தனியார் பள்ளியைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது. தறி ஓட்டும் இன்றைய தகப்பனால் ஒரு பிள்ளைக்கு, கடன் வாங்கியாவது, முடிகிறது. ‘இருக்கிறது ஒரே பிள்ளை, அதையாவது நல்லாப் படிக்க வைப்போமே’ என்ற சொல்லை அந்த ஒரு நாளில் மூன்று வீடுகளில் கேட்டேன். பிறப்புக் குறைந்ததால் வீட்டில் பணம் மிஞ்சுகிறது. மிஞ்சிய பணம் பிள்ளையை வேனில் ஏற்றுகிறது. வேன் போன பிறகு ஊர்ப் பள்ளி மேலும் மெலிகிறது. மெலிந்த பள்ளியைப் பார்த்து அடுத்த வீடும் வேனைத் தேடுகிறது. கடைசியில் அந்தப் பள்ளியில் மிஞ்சுபவர்கள் வேனுக்குக் கட்ட முடியாத வீடுகளின் பிள்ளைகள். குடும்பம் சிறுத்ததன் பலன் அவர்களுக்குக் கிடைக்காதது மட்டுமன்று. மற்றவர்களுக்குக் கிடைத்த பலனின் விலையை அவர்கள் கொடுக்கிறார்கள்.

வேனில் ஏறிய பிள்ளைக்காவது அந்த ஐந்து பங்கும் போய்ச் சேர்ந்ததா என்று என் மகளை வைத்தே கேட்டுக்கொள்கிறேன். எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டு வரை அவளுக்குக் கட்டிய கட்டணத்தை ஒருநாள் கூட்டிப் பார்க்க முயன்று பாதியில் நிறுத்திவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் பள்ளி முடிந்து நுழைவுத்தேர்வு வகுப்பு, அது முடிந்து மாதிரித் தேர்வு, ஞாயிறும் அதுவே. இவ்வளவுக்கும் காரணம் மற்ற வீட்டு ஒற்றைப் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள் என்பது. எல்லோரும் ஐந்து மடங்கு செலவிட்டால் எல்லோருடைய தரவரிசையும் இருந்த இடத்திலேயே இருக்கும். செலவு மட்டும் ஐந்து மடங்காகும். தென் கொரியாவில் இதன் முற்றிய வடிவத்தைப் பார்க்கலாம். 2023இல் அங்கே ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 0.72. அதே ஆண்டில் பள்ளி மாணவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தும், தனிப்பயிற்சிக்கு அந்நாட்டுக் குடும்பங்கள் செலவிட்ட தொகை 27 லட்சம் கோடி வொன்னைத் தாண்டி அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. பிள்ளைகள் குறைந்ததால் செலவு கூடியதா, செலவுக்கு அஞ்சிப் பிள்ளைகள் குறைந்தார்களா என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது. நம் ஊரிலும் ‘இன்னொன்று பெற்றால் பீஸ் யார் கட்டுவது’ என்று கேட்காத இளம் தம்பதியை நான் அண்மையில் பார்க்கவில்லை.

பணத்தில் எழுத முடியாத வளம் ஒன்றும் உண்டு. என் மகளுக்குப் பெரியம்மா இருவர், பெரிய மாமா, சின்ன மாமா எல்லாரும் இருக்கிறார்கள். நான் வேலைக்குப் போன ஆண்டுகளில் அவளை மடியில் போட்டு வளர்த்தவர் பெரியக்காதான். என் மகளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு, தாய் வழியில் பெரியம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை, மாமாவும் இல்லை. அவள் கணவனும் ஒற்றைப் பிள்ளையாக இருந்துவிட்டால் அத்தையும் சித்தப்பாவும்கூட இல்லை. காது குத்துக்கு மாமன் மடி வேண்டும் என்றால் யாரையாவது அழைத்து உட்கார வைக்கலாம். காய்ச்சல் வந்த இரவில் அது நடக்காது.

அரசின் கணக்கு வீட்டுக் கணக்கைப் போலத் தானாகச் சரியாகிவிடும் என்பதற்கும் சான்று இல்லை. அந்த 2.1க்குக் கீழே போய் இருபது ஆண்டுகள் கழிந்த பிறகு எடுத்த 2019-21 ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, அதுவும் முந்தைய ஆய்வின் 50.7ஐவிடக் கூடியிருக்கிறது. மறுபுறம், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பில் அந்த முதல் நாள் சோற்றை உண்டவள். வீட்டுக்கு வீடு நாலைந்து பிள்ளைகள் இருந்த காலத்தில், கையில் பணமில்லாத அரசு அதைச் செய்தது. பிள்ளைகளின் தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தலை எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு என் வயிறே சாட்சி.

தலை எண்ணிக்கை குறைந்ததற்கு மாநிலம் விலையும் கொடுக்கிறது. மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 13வது நிதிக்குழுவில் 4.969 விழுக்காடு, 15வதில் 4.079. வருமான இடைவெளிக்கு, அதாவது ஒரு மாநிலத்தின் தலா வருமானம் பணக்கார மாநிலத்தைவிட எவ்வளவு குறைவு என்பதற்கு, 45 விழுக்காடு எடை தந்ததே இதில் பெரும் பகுதியைத் தீர்மானித்தது என்றாலும், 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை முற்றிலும் கைவிட்டு 2011ஐ எடுத்துக்கொண்டதும், அதை ஈடுகட்ட மக்கள்தொகைச் செயல்பாட்டுக்கு, அதாவது பிறப்பைக் குறைத்ததற்கு, 12.5 விழுக்காடு எடை வைத்ததும் நமக்குத் தெரிந்த கதை. போதாக்குறைக்கு, 2021இல் 13.6 விழுக்காடாக மதிப்பிடப்பட்ட அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 2031இல் 18.2 விழுக்காடாவார்கள் என்கிறது கணிப்பு. அதற்குப் பின் சில ஆண்டுகளில் அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிடுவேன். எனக்கு வாக்கு உண்டு, மூன்றாம் வகுப்பில் தனியாக இருக்கும் அந்தப் பையனுக்கு இல்லை.

பள்ளியின் இரண்டு ஆசிரியர்களில் ஒருவரை ‘உபரி’ என்று எழுதிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் தலைமை ஆசிரியையின் அச்சம். என்னைக் கேட்டால் அந்தச் சொல்லையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இருப்பவர்களுக்கு நிறையக் கிடைக்கும் என்று சுவரில் எழுதி வாக்குக் கொடுத்தது அரசு. மக்கள் தங்கள் பக்கத்தை நிறைவேற்றிவிட்டார்கள். பிள்ளை குறைந்ததால் மிஞ்சும் ஆசிரியர் எவரும் உபரி அல்லர், அரசு கொடுத்த வாக்கின் தவணை. நான்கைந்து ஊர்ப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் ஓவிய ஆசிரியரும் ஒரு விளையாட்டு ஆசிரியரும் சுற்றிவரலாம். வாரம் ஒருநாள் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்க்க அரசே ஒரு வேன் விடலாம். பள்ளிகளை இணைத்தே தீரவேண்டும் என்றால், தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்ற விதியை மனத்தில் வைத்து, முதலில் வண்டியை ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு பூட்டுப் போடட்டும்.

அன்று மதியம்வரை அங்கேயே இருந்தேன். சத்துணவில் ஆளுக்கு ஒரு முழு முட்டை. யாரும் நூலைத் தேடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி முற்றத்தில் காலால் கோடு இழுத்துக் கிளித்தட்டுக்குக் கட்டம் போட்டாள். அணி பிரித்தார்கள், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஐந்து. சற்று நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்து, “ஒரு ஆள் கொறையுது, நீங்க வாறீகளா?” என்றாள். செருப்பைக் கழற்றித் திண்ணையோரம் வைத்துவிட்டுப் போனேன்.